கொல்லைக் கதவுக்குள் ஒரு கதவு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, உறையூரில் என் தகப்பனார் விட்டுச்சென்ற பழைய வீட்டுக்குக் குடிவந்தபோது, மிச்சமிருக்கும் ஆயுளில் எந்தக் கதவையும் யாருக்காகவும் ஓடிப்போய்த் திறக்கவேண்டிய அவசியம் இனி நேராது என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். முப்பத்திரண்டு வருஷ காலம் மேலதிகாரிகளின் கார்க் கதவுகளைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த ஒருவன் இப்படி நம்புவதைப் பேராசை என்று எந்தத் தர்மசாஸ்திரமும் சொல்லாது. ஆனால் தர்மசாஸ்திரங்களை எழுதியவர்கள் மணியைப் பார்த்ததில்லை.

மணி எங்கள் நாய். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று கீர்த்தி பெற்ற குலங்கள் எதனோடும் அதற்குச் சம்பந்தம் கிடையாது. மூன்று வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து வந்து படியோரம் நின்றதைக் கண்டு, “மழை விடற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்” என்று என் மனைவி சொன்ன ஒரே வாக்கியத்தைத் தத்துப் பத்திரமாகப் பாவித்து உள்ளே வந்துவிட்டது. மழை அன்று மாலையே விட்டுவிட்டது. எங்கள் பூனையோ நெல் கொட்டும் அறையிலேயே பிறந்தது. ஆகையால் வீட்டின்மேல் எங்களைவிடத் தனக்கே பாத்தியதை அதிகம் என்பது அதன் அபிப்பிராயம். அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. என் தாயார் மட்டும் அதை வாய்க்கு வாய் “சனியன்” என்று அழைத்துக்கொண்டே, காய்ச்சின பாலின் ஏட்டை ஒருவருக்கும் தெரியாமல் அதற்கென்று எடுத்து வைத்துவிடுவார்.

இவ்விரு ஜீவன்களுக்கும் பகலெல்லாம் நித்திரை. இராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வெளியுலக விவகாரங்கள் அவற்றுக்கு ஞாபகம் வரும். ஒருநாள் இரவு, இது பிரமையா நிஜமா என்று தெரிந்துகொள்ளும் உத்தேசத்துடன், தலைமாட்டில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு கணக்கெழுதினேன்: மணி வெளியே போனது 3, உள்ளே வந்தது 3, பூனை வெளியே போனது 2, உள்ளே வந்தது 2, ஆகப் பத்து முறை, பதினோராவது முறை கதவைத் திறந்தபோது அங்கே நாயுமில்லை, பூனையுமில்லை, நடுநிசியில் கையில் தாழ்ப்பாளுடன், நான் உள்ளே போகவேண்டியவனா வெளியே போகவேண்டியவனா என்று புரியாமல் நானே நின்றுகொண்டிருந்தேன்.

இந்தச் சங்கடத்துக்கு மூலகாரணம் நாயுமல்ல, பூனையுமல்ல, அடியேன்தான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். என் தகப்பனார் காலத்தில் இந்த வீட்டில் நாய் திண்ணையிலே படுத்தது. பூனை முற்றத்து ஓட்டுத் தாழ்வாரத்தின் வழியாக நினைத்தபோது இறங்கி நினைத்தபோது ஏறியது. முற்றத்து நீர் வெளியே போவதற்கென்று வைத்திருந்த ஜலதாரையின் வழியாக எந்தப் பிராணி எப்போது வந்தது, எப்போது போனது என்று ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. நான் வந்து வீட்டைச் சீர்திருத்தினேன். கொசுவுக்காக ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தேன். குரங்குக்காக முற்றத்தின்மேல் கூரை போட்டேன். பெருச்சாளிக்காக ஜலதாரையின் வாயில் இரும்புச் சல்லடை பதித்தேன். அந்நியர் உட்காராதிருக்கும்பொருட்டுத் திண்ணையைச் சுற்றிக் கம்பி வைத்தேன். இப்படியாக நூறு வருஷத்து வாசல்களையெல்லாம் சாமர்த்தியமாக அடைத்து முடித்த பின்புதான், வீட்டில் இரண்டு பிராணிகள் இருக்கின்றன என்பதும் அவற்றுக்குப் போக்குவரத்து உண்டு என்பதும் என் கவனத்துக்கு வந்தன.

வெளியூரில் வேலையாயிருக்கும் என் மகன் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, “கதவுல ஒரு பெட் டோர் வெச்சுடுங்கப்பா, அதுங்களே தள்ளிக்கிட்டுப் போய்ட்டு வரும்” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டான். கதவின் அடிப்பாகத்தில் சதுரமாக ஒரு துவாரம் அறுத்து, மேலே கீல் வைத்த மடல் ஒன்றைத் தொங்கவிட்டால், முகத்தால் முட்டித் தள்ளிக்கொண்டு பிராணி போகும், போனபின் மடல் தானே தொங்கி மூடிக்கொள்ளும். இவ்வளவுதான் அந்த யந்திரத்தின் தத்துவம். கேட்ட மாத்திரத்தில் எனக்குப் பரமானந்தமாக இருந்தது. என் தாயாருக்கு இல்லை.

“பர்மாத் தேக்குடா அது. உங்கப்பா கூடவே உட்கார்ந்து இழைச்சு வாங்கின கதவு. அதுல ஓட்டை போடணும்னு எந்த ஊர்ல சொன்னாங்க?” என்றார்.

நம்மவர்களிடம் ஒரு நூதனமான காரியத்தைச் செய்ய அனுமதி பெறவேண்டுமானால், அது நூதனமானதல்ல, முன்னோர் செய்ததே என்று நிரூபித்துவிடுவது உத்தமமான மார்க்கம். ஆகவே நான் பிரமாணங்களைத் தேடப் புறப்பட்டேன். முதலில் அகப்பட்டவர் சாட்சாத் ஐசக் நியூட்டன். கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் தம் அறைக் கதவில் பூனைக்கென்று அவர் ஒரு பெரிய துவாரம் போட்டார் என்றும், பூனை குட்டி போட்டதும் குட்டிக்கென்று பக்கத்திலேயே ஒரு சிறிய துவாரம் போட்டார் என்றும், பெரிய துவாரத்தின் வழியாகவே குட்டியும் போகலாமே என்பது உலகத்தையே எடைபோட்ட அந்த மேதைக்குத் தோன்றவில்லை என்றும் ஆங்கிலேயரிடையே ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, தாய்க்கும் குட்டிக்கும் அளவான இரண்டு துவாரங்கள் அடைபட்ட நிலையில் அக்கதவில் இருப்பது மெய் என்று அக்கல்லூரியில் படித்த ஒருவர் 1827-ஆம் வருஷம் வெளியான புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் போதித்தவள். நியூட்டன் விஷயத்தில் அவளை ஏமாற்றுவது கஷ்டம். நியூட்டனிடம் சில வருஷங்கள் எழுத்துவேலை பார்த்த உதவியாளர், அவர் தம் அறையில் நாயோ பூனையோ வைத்துக்கொண்டதே இல்லை என்றும், ஆராய்ச்சி மும்முரத்தில் அவர் தொடாமல் வைத்துவிட்ட சாப்பாடெல்லாம் படுக்கை விரிக்க வரும் கிழவிக்கே லாபமாயிற்று என்றும் எழுதிவைத்திருப்பதை எடுத்துக்காட்டி, “தன் சாப்பாட்டையே மறந்தவருக்குப் பூனைக்குட்டியோட அளவா ஞாபகம் இருந்திருக்கும்?” என்று கேட்டாள். நியூட்டனை விட்டுவிட்டேன். எப்படியும் அவர் பிறப்பதற்கு இருநூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே, சாஸர் என்னும் ஆங்கிலக் கவி எழுதிய கதையொன்றில், கதவு பூட்டிய அறைக்குள் குடியிருக்கும் மாணவன் என்ன செய்கிறான் என்று அறிந்துவர எஜமானர் அனுப்பிய வேலைக்காரன், பூனை நுழையும் துவாரத்தின் வழியாகக் குனிந்து பார்க்கிறான். ஆக, மூலகர்த்தா என்ற பட்டம் நியூட்டனுக்கு எந்த விதத்திலும் சேராது.

தாயாரிடம் செல்லக்கூடியது தேவஸ்தானப் பிரமாணம்தான் என்று கடைசியில் இங்கிலாந்திலுள்ள எக்ஸிடர் நகரத்துப் பேராலயத்தைக் கொண்டுவந்தேன். அங்கே சூரிய சந்திரர்களின் சஞ்சாரத்தைக் காட்டும் பழைய கடிகாரமொன்று உண்டு. அதன் சக்கரங்களுக்குப் பூசிய மிருகக் கொழுப்பைத் தின்ன எலிகள் வரும்; எலிகளைத் தின்னப் பூனை வரவேண்டும்; பூனை வருவதற்காகக் கடிகாரத்தின் கீழுள்ள கதவில் ஒரு துவாரம் செய்யும்படி 1598-இல் தச்சர்களுக்கு 8 பென்ஸ் கூலி கொடுத்திருக்கிறார்கள். அந்தத் துவாரம் இன்றும் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1305 முதல் 1467 வரையுள்ள ஆலயக் கணக்குகளில், காவலர்களுக்கும் பூனைக்குமாகச் சேர்த்து மூன்று மாதத்துக்கு 13 பென்ஸ் பட்டுவாடா ஆகியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு பென்னி! கோயில் கணக்கிலேயே பூனைக்குப் பற்று எழுதியிருக்கிறார்கள் என்று நான் குரலை உயர்த்தி முடித்தபோது, என் தாயார் சிறிதும் அசையாமல், “அது எலி பிடிச்சுது, சம்பளம் குடுத்தாங்க. உன் பூனை எதைப் பிடிச்சுது?” என்றார்.

பிரமாணங்களால் ஆகாத காரியம் பிரத்தியட்சத்தால் ஆயிற்று. என் மனைவியும் நானும் ஒரு கல்யாணத்துக்காகக் கரூர் போய்விட்டு மறுநாள் திரும்பியபோது, தாயார் சிவந்த கண்களுடன் கொல்லைக் கதவருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “ஆசாரிக்குச் சொல்லி அனுப்பு” என்பதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

மடல்களில் எத்தனை தினுசுகள் உண்டென்பதைச் சந்தைக்குப் போன பின்புதான் அறிந்தேன். சாதாரண ரகம் வெறுமனே தொங்கும். காற்றில் ஆடாதபடி அடியோரத்தில் ஒரு காந்தப் பட்டை மட்டும் இருக்கும். அடுத்தது நாலு நிலைத் தாழ் உள்ளது: இரண்டு பக்கமும் போகலாம், வெளியே மட்டும் போகலாம், உள்ளே மட்டும் வரலாம், ஒன்றும் ஆகாது என்று நாலு உத்தரவுகளை அதில் திருகி வைக்கலாம். மூன்றாவது ரகத்தில் பிராணியின் கழுத்துப் பட்டையில் ஒரு காந்தத்தைக் கட்டிவிட வேண்டும். அந்தக் காந்தம் கிட்டே வந்தால்தான் தாழ் விடும். இதை நான் விரும்பினேன். ஆனால் அப்படிக் காந்தம் கட்டிய பூனைகள் இரும்புத் தட்டுகளோடு ஒட்டிக்கொண்டும் ஆணி, ஊக்கு முதலியவற்றை மார்பில் தரித்துக்கொண்டும் வந்துசேர்வதுண்டு என்று கேள்விப்பட்டு, காணாமற்போன தன் ஊக்குகளெல்லாம் திரும்பக் கிடைக்குமென்று என் மனைவி காட்டிய உற்சாகத்தையும் மீறிக் கைவிட்டேன். எல்லாவற்றிலும் மேலானது, பிராணியின் தோலுக்கடியில் அரிசி மணியளவாக மருத்துவர் செலுத்திய சில்லைப் படித்துப் பார்த்து, தன் வீட்டுப் பிராணிதான் என்று நிச்சயித்துக்கொண்டு திறக்கும் மின்கலக் கதவு. அந்தச் சில்லில் 15 இலக்க எண் இருக்கிறது. என் ஆதார் அட்டையில் 12 இலக்கங்கள்தாம். நெல் கொட்டும் அறையில் பிறந்த ஒரு பூனை அரசாங்கத்தின் கண்ணில் என்னைவிட மூன்று இலக்கம் உயர்ந்து நிற்பதை என்னால் சகிக்க முடியவில்லை. விலையும் என் தீர்மானத்துக்குப் பக்கபலமாக இருந்தது.

நாலு நிலைத் தாழே போதுமென்று முடிவு செய்தபின், அளவெடுக்கும் படலம் தொடங்கியது. நான் காலமெல்லாம் பொதுப்பணிக் கணக்குகளோடு பழகியவன். அளவு என்று வந்துவிட்டால் எனக்கு ஓர் ஆவேசம் வரும். மணியைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, தோளின்மேல் அடிக்கோலைக் கிடத்தி, குழந்தைகளின் உயரத்துக்குக் கோடு போடுவதுபோல் பென்சிலால் கோடு போட்டேன்: 20 அங்குலம். மடலின் மேல்விளிம்பு தோளைவிட ஓரிரண்டு அங்குலம் உயரத்தில் இருந்தால் போதும், தலையைத் தாழ்த்திக்கொண்டு நாய் போய்விடும். அகலத்தைக் கண்டுபிடிப்பது சிரமம்; நாயின் இடுப்பை நாடாவால் சுற்றினால் சுற்றளவு கிடைக்குமே தவிர அகலம் கிடைக்காது. கதவைத் திறந்து வைத்து, மறுபுறம் ஒரு பொறையைக் காட்டி, ஒவ்வொரு முறையும் இடைவெளியை ஓர் அங்குலம் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒன்பது அங்குலம் வரையில் மணி தாராளமாக வந்து பொறை தின்றது. எட்டு அங்குலத்தில் நெளிந்து வந்தது. ஏழு அங்குலத்தில் உட்கார்ந்துகொண்டு, இவ்வளவு நாளும் நன்றாகத்தானே இருந்தார் என்று சொல்வதுபோல் என்னைப் பார்த்தது. எட்டோடு இரண்டு கூட்டி 10 என்று எழுதினேன்.

பூனையோ வேறு ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. துவாரத்தின் கீழ்விளிம்பு, தாண்டும் பிராணியின் வயிற்று உயரத்துக்குமேல் போகக்கூடாது. மணிக்கு மட்டுமென்றால் 11 அங்குலம்கூட இருக்கலாம். பூனைக்கு ஐந்தாறு அங்குலத்தைத் தாண்டினால் அது வாசல்படியல்ல, மதில். ஆகவே கீழ்விளிம்பைப் பூனையும் மேல்விளிம்பை நாயும் நிர்ணயித்தன: தரையிலிருந்து 6 அங்குலத்தில் தொடங்கி 22 அங்குலத்தில் முடியும், 10 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் கொண்ட துவாரம். காகிதத்தில் படம் போட்டு வர்ணம் தீட்டி என் மனைவியிடம் காட்டினேன்.

“இதுல திருடன் கையை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்துட மாட்டானா?” என்றாள் அவள்.

“முன்னெல்லாம் கன்னக்கோல் எடுத்துட்டு வந்து ராத்திரி முழுக்கச் சுவரைக் குடைஞ்சான், பாவம். இப்ப நீயே குடைஞ்சு வெச்சுடற” என்று தாயார் அடுப்படியிலிருந்து ஒத்துழைத்தார்.

இந்த ஆட்சேபம் நியாயமானது. தாழ்ப்பாள் தரையிலிருந்து 42 அங்குல உயரத்தில் இருந்தது. துவாரத்தின் மேல்விளிம்பிலிருந்து இருபதே அங்குலம். என் கையை அக்குளிலிருந்து விரல் நுனி வரையில் அளந்ததில் 27 அங்குலம் வந்தது. கள்வர்களுக்குத் தொழில்முறையில் கை நீளமாக இருக்குமென்ற என் மனைவியின் யோசனையை ஏற்று, 30 அங்குலம் என்று வைத்துக்கொண்டு, பழைய தாழ்ப்பாளைக் கழற்றி 54 அங்குல உயரத்தில் பொருத்துவதென்று தீர்மானித்தேன். இப்போது இடைவெளி 32 அங்குலம். எந்தத் திருடனும் இந்த இரண்டு அங்குலத்தைத் தாண்ட முடியாதென்று நான் வீட்டார் முன்னிலையில் பிரகடனம் செய்தேன். அந்த இரண்டு அங்குலத்தை நான் பின்னால் மறக்க முடியாமற்போனது.

ஆசாரி வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். “சார், இந்த மரத்துல கை வைக்க மனசே வரலை. நாய்க்கு நீங்களே கதவைத் திறந்துவிட்டா என்ன சார்?” என்றார். இரவு இரண்டு மணிக்கு அவர் வந்து திறந்துவிடுவதானால் எனக்குச் சம்மதம் என்றேன். அப்புறம் அவர் வேலையில் குனிந்தார். நல்லவேளையாக, கதவின் அடிச்சட்டம் சரியாக ஆறு அங்குலம். சட்டத்தை அறுத்தால் கதவின் பலம் போய்விடும், நடுவிலுள்ள தில்லாப் பலகையை மட்டும் அறுத்தால் போகாது என்று அவர் விளக்கியபோது, என் கணக்கின் மகிமையை நினைத்து நான் பூரித்தேன். நாலு மூலையிலும் துளை போட்டுக்கொண்டு, பின்பு வாள் விட்டு அறுக்கவேண்டும். முதல் துளைக்கு முன் அவர் உளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திடீரென்று நிமிர்ந்து, “சார், மடல் கொஞ்சம் கனமா இருக்கும்போலத் தெரியுது. பூனைக்குன்னு பக்கத்துல சின்னதா தனியா ஒண்ணு போட்டுடவா?” என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மோட்டுவளையைப் பார்த்தேன். ஆக, உறையூரிலும் ஒரு நியூட்டன் உண்டு.

துவாரம் விழுந்து, சட்டம் பொருந்தி, கதவின் கனத்துக்கு ஏற்ற நீளமான திருகாணி வாங்கிவர ஒருதரம் கடைக்குப் போய்வந்து, எல்லாம் முடிந்தது. தாயார் எங்கிருந்தோ மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து புதிய சட்டத்தின் இரண்டு பக்கமும் வைத்தார். எத்தனை சின்னதானாலும் வாசல் வாசல்தானே என்றார். அந்தச் சமயத்தில் வெளிப்பக்கம் போய் நின்று பார்த்தவன் நான். பார்த்ததும் என் மார்பு படபடத்தது. கொல்லைத் தரை வீட்டுத் தரையைவிட 9 அங்குலம் பள்ளம். உள்ளே 6 அங்குலமாக இருந்த விளிம்பு வெளியே 15 அங்குலமாக ஆகாயத்தில் நின்றது. அளவை இரண்டு பக்கமும் எடுக்கவேண்டுமென்பது, இப்போது சொல்லும்போது, சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயமாகத்தான் படுகிறது. கொத்தனார் வந்து செங்கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு சின்னப் படி கட்டிக்கொடுத்தார். மடலுக்கு 3,400 ரூபாய், ஆசாரிக்கு 1,200, படிக்கு 900. எக்ஸிடரில் 8 பென்ஸோடு முடிந்த காரியம்.

இனிப் பிராணிகளுக்குப் பழக்குவது ஒன்றே பாக்கி. முதல் சில நாட்கள் மடலைத் தூக்கிக் கட்டிவைத்து, வெறுந்துவாரத்தின் வழியாகப் போய்வரப் பழக்கி, பிறகு சிறிது சிறிதாக இறக்கவேண்டும் என்பது விதி. கட்டிவைத்தேன். மணியும் பூனையும் தவிர மற்ற ஜீவராசிகளெல்லாம் ஒரே நாளில் பழகிக்கொண்டன. முதல் நாள் இரவு ஒரு தவளை வந்தது. இரண்டாம் நாள் ஊரிலுள்ள கடுவன் பூனையொன்று வந்து குழம்புச் சட்டியைத் துலக்கிவைத்துவிட்டுப் போயிற்று. மூன்றாம் நாள் நடுப்பகலில் அடுத்த வீட்டுப் பெட்டைக்கோழி வந்து, நெல் கொட்டும் அறையில் முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்தது. அந்த முட்டை யாருக்குச் சொந்தம் என்பதுபற்றி இரு வீட்டுப் பெரியவர்களுக்குமிடையே நடந்த சம்பாஷணை இன்னும் முழுதாக முடிந்தபாடில்லை. அன்றைக்கே மடலை இறக்கிவிட்டேன்.

இறக்கிய மடலின் முன்னால் மணி வந்து நின்றது. அரைகுறையாக ஒளி ஊடுருவும் பொருளானதால் அதற்கு அது சுவராகவே தோன்றியிருக்க வேண்டும். மறுபுறமிருந்து பொறையை நீட்டினேன். மணி பொறையை நோக்கி வாலை ஆட்டிற்றே தவிர அடியெடுத்து வைக்கவில்லை. பூனைக்கு நெத்திலிக் கருவாடு. பூனை அதை மோந்து, இதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று யோசித்து, படுத்துவிட்டது. உபதேசத்தைவிட உதாரணமே மேலென்று கருதி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு காலில் தவழ்ந்து, நெற்றியால் மடலை முட்டித் தலையை வெளியே நீட்டினேன். தோள் வரவில்லை, 10 அங்குலம் மணியின் தோளுக்கு எடுத்த அளவல்லவா? அந்த நிலையில், கோழி விஷயமாக மறுபடியும் பேசவந்த அடுத்த வீட்டு அம்மாளும், அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஐந்து வயதுப் பேரனும் எதிரில் நின்றார்கள்.

“என்ன சார், ஏதாவது விழுந்துடுச்சா?”

“இல்லம்மா, பழக்கிக்கிட்டிருக்கேன்.”

“யாரை?”

நான் பின்புறம் திரும்பிக் காட்ட முயன்றேன். கழுத்து அவ்வளவு தூரம் திரும்பவில்லை. அந்தப் பையன் மட்டும் கண் இமைக்காமல் என்னை ஆதியோடந்தம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இது நடந்து நாலு மாதமாகிறது. இப்போதும் இரவு இரண்டு மணிக்கு மணி என் கட்டிலருகே வந்து மூக்கால் என் முழங்கையை இடிக்கிறது. எழுந்து பின்னால் போனால், குட்டிக் கதவின் முன் நின்று திரும்பிப் பார்க்கிறது. நான் குனிந்து மடலைக் கையால் தூக்கிப் பிடிக்கவேண்டும், பிடித்தால் கம்பீரமாகப் போகிறது. முன்பு நின்றுகொண்டு கதவைத் திறந்தேன்; இப்போது குனிந்து திறக்கிறேன்; வித்தியாசம் இவ்வளவே. பூனைக்கு மடலைத் தள்ளத் தெரியாதென்று சொல்ல முடியாது. ஓணானோ சுண்டெலியோ வாயில் கவ்வியிருக்கும்போது மட்டும் தானே தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. மற்ற சமயங்களில் வாசலில் நின்று கூப்பிடுகிறது. வாய் நிறைந்திருந்தால் கூப்பிட முடியாதல்லவா? இந்தக் காணிக்கைகளையெல்லாம் முன்பு அது வெளிப்படியோடு வைத்துவிட்டுப் போகும். இப்போது நேரே தாயாரின் தலைமாட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. என் பூனை எதைப் பிடித்தது என்று அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

போன வெள்ளிக்கிழமை தாயாரும் மனைவியும் சமயபுரம் போயிருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரம். கொல்லையில் ஓர் ஆடு புகுந்து வாழைக்கன்றை மேய்வதாக அடுத்த வீட்டிலிருந்து குரல் வரவே, முன்வாசல் வழியாக ஓடிச் சுற்றிப்போய் ஆட்டை விரட்டினேன். மணியும் கூடவே ஓடிவந்து, விரட்டுவதில் பங்கெடுக்காமல் மேற்பார்வை செய்தது. திரும்பி வந்தால், காற்றில் முன்கதவு சாத்திக்கொண்டு விட்டது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. வீட்டைச் சீர்திருத்தியபோது நான் போட்டதுதான். சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. ஜன்னல்களுக்கெல்லாம் வலை, முற்றத்துக்குக் கூரை, ஜலதாரைக்குச் சல்லடை. கொல்லைக் கதவோ உள்ளே தாழிட்டிருந்தது.

அப்போதுதான் குட்டிக் கதவின் ஞாபகம் வந்தது. சிமெண்டுப் படியில் ஒருக்களித்துப் படுத்து, மடலுக்குள் கையை விட்டு, தோள் எலும்பு சட்டத்தில் பதிய மேல்நோக்கி எட்டினேன். கதவின் உட்பக்கம் விரலில் பட்டது, தேக்கின் இழைப்புப் பட்டது, தாழ்ப்பாள் படவில்லை. ஐந்து அங்குலம் குறைந்தது. கள்வனுக்கென்று தாராளமாகக் கூட்டிக்கொடுத்த மூன்றும், அவனை மிஞ்சுவதற்கென்று வைத்த இரண்டும். மணி கிட்டே வந்து என் காதை நக்கியது. பூனை மதிலிலிருந்து இறங்கிவந்து, என் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்தது.

இந்தக் கோலத்தில் எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. “தாத்தா, என்ன பண்றீங்க?” என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த வீட்டுப் பேரன். விஷயத்தைச் சொன்னேன். முடிப்பதற்குள், என்னை இலேசாக ஒதுக்கிவிட்டு, தலையால் மடலை முட்டி, தோளை ஒருச்சாய்த்து, அந்தப் பொடியன் ஒரே நெளியில் உள்ளே போய்விட்டான். அவன் கால் மறைந்ததும், நாலு மாதமாக என் கைபிடித்தாலன்றிப் போகாத மணி, அவன் பின்னாலேயே மடலை முட்டிக்கொண்டு உள்ளே போயிற்று. பூனை என் முதுகிலிருந்து குதித்து, வாயில் ஒன்றுமில்லாமலே, அதன் பின்னால் போயிற்று. மடல் இரண்டு தரம் ஆடி, காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

“தம்பி, மேல தாழ்ப்பாள் இருக்கு பார், அதை எடுத்துடு” என்றேன்.

“எட்டலை தாத்தா.”

“சமையலறையில முக்காலி இருக்கு, அதைப் போட்டு ஏறு.”

சின்னக் காலடிகள் சமையலறைப் பக்கம் போயின. நகங்கள் தரையில் உரச மணியும் கூடப் போயிற்று. முக்காலி இழுபடும் சப்தம் கேட்கவில்லை; டப்பா மூடியொன்று திறக்கும் சப்தம் கேட்டது; சற்றுப் பொறுத்து, முறுக்கு நொறுங்கும் சப்தமும், அதைத் தொடர்ந்து ஒரு பங்காளியின் வாலடி கதவில் தட்டும் சப்தமும் கேட்டன. கொசு வந்துவிட்டது. நான் படியில் மண்டியிட்டு, மடலைத் தூக்கி, அதன் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு, “தம்பி, தாழ்ப்பாள்!” என்று கூவினேன்.

வாய் நிறைய முறுக்கோடு உள்ளேயிருந்து பதில் வந்தது:

“நீங்களும் இப்படியே வாங்களேன் தாத்தா, அன்னிக்கு வந்தீங்கல்ல!”